பட்டி பார்த்த மண்சுவர்

எங்கள் ஊரில் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டுமென்றால் அகதி முகாமுக்குச் சொல்லி அனுப்புவார்கள். ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் என் காலத்தில் புதுமெருகு கண்ட சுவர்களில் பாதிக்கு மேல், போருக்குத் தப்பிக் கடல் கடந்து வந்த இலங்கைத் தமிழர்களின் கைபட்டவை. வந்தபோது அவர்கள் நெல் விதைத்தவர்களாகவும் மீன் பிடித்தவர்களாகவும் இருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் பாடம் சொன்னவர்கள்கூட உண்டு. இங்கே அவர்களால் நிலம் வாங்க முடியாது, அரசு வேலைக்கு எழுதிப்போட முடியாது. சாரத்தில் ஏறி நின்று பிறர் வீட்டுச் சுவரைத் தேய்ப்பதற்கு மட்டும் எவரும் எந்தச் சான்றும் கேட்கவில்லை.

நான் பள்ளியிலிருந்து ஓய்வு பெற்ற ஆண்டில் என் வீட்டுக்கு அப்படி ஒருவர் வந்தார். வன்னிப் பக்கத்துக் குளத்தங்கரைக் கிராமம் ஒன்றில் வயல் வைத்திருந்தவர். உதவிக்கு அவருடைய மனைவியும் வந்தாள். சுவரின் மேடுபள்ளங்களை வெள்ளைக் கலவையால் நிரப்பி, காய்ந்தபின் உப்புத்தாள் கொண்டு தேய்த்து வழவழப்பாக்குவதைப் பட்டி பார்ப்பது என்பார்கள். தேய்ப்பது அவள் வேலை. புருவத்திலும் மூக்கு நுனியிலும் வெள்ளைத் தூள் படிய, முக்காட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு தேய்த்தாள். அவர் பின்னால் வந்து உள்ளங்கையால் சுவரைத் தடவிப் பார்ப்பார். எங்காவது கை நின்றால் அந்த இடத்தை விரலால் சுட்டுவார், அவள் மறுபடியும் தேய்ப்பாள். அந்தக் கண்டிப்பில் கோபம் இருக்காது. வேலை முடிந்த பிறகு என் வீட்டைப் பார்க்க வந்த உறவினர்கள் எவரும் சுவரைத் தொட்டுப் பார்க்காமல் போனதில்லை.

சில வாரங்கள் கழித்து, மேல்நிலை வகுப்பில் படித்துக்கொண்டிருந்த அவர்களுடைய மகளுக்குப் பழைய பாடப்புத்தகங்களைக் கொண்டுகொடுக்க முகாமுக்குப் போனேன். மூன்று பேரும் நீட்டிப் படுத்தால் நடக்க இடமிருக்காத ஓர் அறை. அதன் நான்கு சுவர்களும் நான்கு நிறம். மஞ்சள் ஒரு மருத்துவர் வீட்டில் மிஞ்சியது, ரோஜா நிறம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு லாட்ஜில் மிஞ்சியது, அடுப்பு மூலையின் பச்சை ஏதோ கல்யாண மண்டபத்துடையது. கதவின் கீழ்ப்பாதியில் என் வீட்டுச் சாம்பல் நிறம் இருந்தது. மேல்பாதிக்கு அது போதவில்லை. வேலை முடிந்த வீடுகளில் டின்னின் அடியில் தங்கும் பெயிண்டை வீட்டுக்காரர்கள் கொடுத்துவிடுவார்கள். முகாமில் எல்லா வீடுகளும் அப்படித்தான் நிறம் பெற்றிருந்தன.

நான் சுவர்களைப் பார்ப்பதை அவள் பார்த்துவிட்டாள். பால் விடாத தேநீரை என் கையில் கொடுத்துவிட்டு, "எங்களுக்கெண்டு ஒரு டின் இன்னும் உடைக்கேல்ல, டீச்சரக்கா" என்றாள்.

அதற்குள் அங்கே போர் முடிந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. ஊரிலிருந்து வரும் செய்திகளின் நிறமும் மாறிக்கொண்டிருந்தது. மிதிவெடி எடுத்துவிட்டார்கள், சாலைக்குத் தார் போட்டுவிட்டார்கள், வங்கி திறந்துவிட்டார்கள், மின்கம்பம் நட்டுவிட்டார்கள், காணிக்குத் திரும்பி வருகிறவர்களுக்கு வீடு கட்ட உதவி தருகிறார்கள். முகாமில் மாலை நேரப் பேச்சு முழுவதும் இதுதான். போகலாமா என்று கேட்டவர்கள், எப்போது போவது என்று கேட்கத் தொடங்கினார்கள். ஆனால் போவது என்றால் ஒரே போக்குதான். இங்குள்ள பதிவை விட்டுக்கொடுத்துவிட்டுப் போகிறவர் மறுபடியும் அகதியாக வந்து நிற்க முடியாது. அதனால் அவர்கள் யோசித்து ஒரு முடிவு செய்தார்கள். அவர் முதலில் போவது, காட்டை வெட்டிக் காணியைத் திருத்தி, உதவி பெற்று வீட்டை எழுப்புவது. வீடு எழும்பியதும் தாயும் மகளும் போவது. வயதுக்கு வந்த மகளைக் கூட்டிக்கொண்டு மறுபடியும் ஒரு தகரக் கொட்டகைக்குள் நுழைய மாட்டேன் என்பதில் அவள் உறுதியாக இருந்தாள். அவளுடைய வாழ்வு அன்றிலிருந்து அந்த வீட்டை நோக்கியே நகர்ந்தது.

அவர் புறப்பட்ட அன்று ராஜபாளையம் பஸ் நிலையத்துக்கு நானும் போயிருந்தேன். ஒரு பையும், துணியில் சுற்றிய பெயிண்ட் பிரஷ்களும் மட்டும் கொண்டுபோனார். பஸ் நகரும்போது அவள் ஜன்னலருகே போய்ச் சொன்னது எனக்குக் கேட்டது. "இஞ்சாருங்கோ. வீட்டுக்கு ஒரே கலர் அடியுங்கோ. மிச்சம் மீதி வேண்டாம்."

அவர் போன பிறகு அவள் எங்கள் தெருவிலிருந்த பேண்டேஜ் துணித் தறிக்கூடத்தில் சேர்ந்தாள். காயத்துக்குக் கட்டும் துணியை நெய்து, சலவை செய்து, சுருட்டி, உறையிட்டு அனுப்பும் இடம். மதியச் சாப்பாட்டுக்கு அங்குள்ள பெண்கள் என் வீட்டுக் கார் ஷெட்டில் வந்து உட்காருவார்கள். என் கணவர் இறந்ததும் காரை விற்றுவிட்டேன். ஷெட் காலியாகத்தான் கிடந்தது. தறியின் சத்தத்துக்குப் பழகிய காதுகள் என்பதால் அவர்கள் எல்லாரும் உரக்கப் பேசுவார்கள். அவர்களை மேற்பார்வை செய்தவள் மம்சாபுரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள். நாக்கில் முள் வைத்திருந்தாலும், வீட்டிலிருந்து கொண்டுவரும் குழம்பை முதலில் மற்றவர் தட்டில் ஊற்றுகிறவள்.

அந்தச் சாப்பாட்டு நேரத்தில்தான் வன்னியிலிருந்து போன் வரும். அவள் ஷெட்டின் மூலைக்குப் போய்ப் பேசிவிட்டு வந்து, எங்கள் எல்லாருக்கும் பொதுவாகச் செய்தி சொல்லுவாள். கிணற்றை இறைத்துவிட்டார். முதல் இறைப்பில் துருப்பிடித்த சைக்கிளும் ஒரு குடமும் வந்தன. அந்தக் குடம் தங்களுடையதா, பக்கத்து வீட்டாருடையதா என்று அவருக்குத் தெரியவில்லை. குடத்தின் கழுத்தில் நெளிவு இருந்ததா என்று அவள் கேட்டாளாம். இருந்தது என்றாராம். அன்று அவள் சாப்பிடவில்லை. பிறகு, மண்சுவர் வைத்துத் தகரம் போட்டு ஒரு கொட்டகை கட்டியிருக்கிறார் என்ற செய்தி வந்தது. வீட்டு உதவி கிடைக்கும்வரை இருப்பதற்கு அது. ஊரெங்கும் புதுவீடுகள் எழும்புவதால் பெயிண்ட் அடிக்க ஆள் தேடி அலைகிறார்கள், இங்கே கற்ற வேலை அங்கே கைகொடுக்கிறது என்றும் சொன்னாள்.

"உம் புருசன் அங்க யாரு வீட்டுக்கோ கலர் அடிச்சிக்கிட்டுத் திரியுதான். எவளாவது ஒருத்தி காப்பி போட்டுக் குடுத்து இருத்திக்கிட்டான்னா என்னட்டி செய்வ?" என்று மம்சாபுரத்துக்காரி கேட்டாள்.

"இருந்தால் நல்லதுதானே. அவளாவது வீட்டைக் கூட்டுவாள்" என்றாள் இவள். ஷெட் முழுவதும் சிரிப்பு எழுந்தது. மம்சாபுரத்துக்காரி சிரித்துக்கொண்டே தன் குழம்புக் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினாள்.

வீட்டு உதவிக்கான கணக்கெடுப்பு தங்கள் கிராமத்துக்கு வரப்போகிறது என்று தெரிந்ததும் அவள் நாள்களை அதை வைத்தே அளக்கத் தொடங்கினாள். மகள் அப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கடையில் கணினி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். இரண்டு பேரின் துணிகளில் எவை கொண்டுபோகத் தக்கவை, எவை கொடுத்துவிட வேண்டியவை என்று தாய் பிரித்துவைத்திருந்ததை நான் பார்த்தேன். என்னிடம் இரண்டு புத்தகங்களைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அங்கே போய் வாசிக்கலாம் என்று இப்போது வாசிக்காமல் வைத்திருந்தாள்.

செய்தி வந்த மதியம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மூலையில் பேசிக்கொண்டிருந்தவள் திரும்பி வரவில்லை. சுவரைப் பார்த்து நின்றாள். மம்சாபுரத்துக்காரி எழுந்து போய்த் தோளைப் பிடித்துத் திருப்பினாள். நடந்ததை அவள் எங்களிடம் சொன்னது, வேறு எவருக்கோ நடந்ததைச் சொல்வது போலிருந்தது.

புதுவீட்டுக்கு ஒரே நிறம் என்று அவள் சொல்லி அனுப்பியிருந்தாள் அல்லவா? புதுவீடு வரத் தாமதமானதால், அதுவரை இருக்கும் கொட்டகையாவது அவள் கேட்டபடி இருக்கட்டும் என்று அவர் நினைத்திருக்கிறார். மண்சுவருக்குப் பட்டி பார்த்தார். அதுவும் சாதாரணமாக அல்ல, இங்கே மாடிவீடுகளுக்குப் பார்ப்பதுபோல இருமுறை பூசித் தேய்த்திருக்கிறார். கூலிப்பணத்தில் முழு டின் வாங்கி உடைத்து, வெளிர்நீலம் அடித்திருக்கிறார். அடியில் ஒரு சாண் உயரத்துக்குக் கருநீலத்தில் பார்டர் இழுத்திருக்கிறார். தகரம் துருப்பிடிக்காமலிருக்க அதன்மேல் செங்காவி நிறத்தில் ரெட் ஆக்சைடு பூசியிருக்கிறார். படம் எடுத்து அனுப்பலாம் என்று, நல்ல போன் வைத்திருக்கும் ஒருவரைக் கேட்டும் வைத்திருந்தாராம்.

கணக்கெடுக்க வந்தவர்கள் வெயிலில் ஜீப்பை நிறுத்தாமலே அந்தத் தெருவைக் கடந்தார்கள். சாலையிலிருந்து பார்த்தால் ஓடு வேய்ந்த, சிமெண்ட் பூசிய, பார்டர் இழுத்த வீடு. இந்தியாவிலிருந்து காசோடு வந்த ஆள் போலிருக்கிறது, இவருக்கு எதற்கு உதவி என்று ஒருவர் சொல்ல, மற்றவர் தலையாட்டியிருக்கிறார். அந்த நேரத்தில் அவர் அடுத்த தெருவில், உதவி கிடைத்த ஒருவருடைய புதுவீட்டுக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார்.

விஷயம் தெரிந்ததும் அவர் ஊர் அதிகாரியிடம் ஓடினார். விதானையார் என்று அவர்கள் அழைக்கும் அந்த மனிதர் நல்லவர்தான். மறுநாளே நேரில் வந்தார். சுவரை விரல் மடக்கித் தட்டிப் பார்த்தார். நம்பாமல் மோட்டார் சைக்கிள் சாவியால் ஒரு மூலையைச் சுரண்டினார். நீலம் உதிர்ந்தது, பட்டி உதிர்ந்தது, உள்ளிருந்து மண் கொட்டியது. "ஏன் காணும் இப்பிடிச் செய்தனீர்?" என்று கேட்டாராம். இந்த முறைக்கான வீடுகள் முடிந்துவிட்டன, அடுத்த கட்டத்தில் பார்ப்போம் என்று சொல்லிப் போனாராம்.

அவள் சொல்லி முடித்ததும் மம்சாபுரத்துக்காரிதான் முதலில் வாய் திறந்தாள். "ஒழுங்கா வேல பாத்தது ஒரு குத்தமாட்டி? நம்ம ஊர்ல எம்புட்டுப் பேரு இடிஞ்ச வீட்டக் காமிச்சு வாங்கிட்டுப் போறான்." பிறகு குரலைத் தாழ்த்தி, "அவியள ஏசிராத. பாவம், ஒனக்காகத்தான செஞ்சாவ" என்றாள்.

"ஏசேல்ல" என்றாள் இவள். "வடிவா இருக்கோ எண்டுதான் கேட்டனான்."

அடுத்த கட்டம் வர ஆண்டுகள் ஆயின. நாட்டில் ஆட்சி மாறியது, திட்டம் மாறியது, பணம் கொடுத்தவர்கள் மாறினார்கள். செய்தித்தாள்களில் அந்த நாடு எழுந்து நிற்கிறது என்று வாசிப்பேன். அது பொய்யல்ல. சாலைகள் இருந்தன, கடைகள் இருந்தன, தவணைக்கு வாங்கிய மோட்டார் சைக்கிள்கள் இருந்தன. ஒரே வரைபடத்தில் கட்டிய சிறு வீடுகள் வரிசை வரிசையாக எழும்பின. அவற்றில் பலவற்றுக்கு அவர்தான் வண்ணம் பூசினார். மாலையில் தன் மண்வீட்டுக்குத் திரும்பி, சாவி சுரண்டிய மூலைக்கு நேரே பாயை விரித்துப் படுத்தார். மழைக்காலம் முடியும்தோறும் அவர் அந்த மூலைக்கு மறுபடியும் பட்டி பார்ப்பதாக அவள் சொன்னபோது எனக்குக் கோபம்கூட வந்தது. அந்தக் கோபத்தை யார்மேல் வைப்பது என்று தெரியவில்லை.

இதற்கிடையே மகள் முகாமிலேயே ஒருவரை விரும்பினாள். அவரும் பெயிண்டர்தான், இங்கே பிறந்தவர், கடலையே பார்க்காதவர். திருமணத்துக்கு அப்பா ஒரு மாத விசாவில் வந்துபோனார். மெலிந்து, வெயிலில் கறுத்து, வேறு யாரோ போலிருந்தார். திருமணத்துக்கு முந்தின நாள் மாப்பிள்ளை வீட்டு அறைக்கு வண்ணம் போதவில்லை என்று தானே பிரஷை எடுத்துக்கொண்டு போனதைப் பார்த்துத்தான் அவரை நான் அடையாளம் கண்டேன் என்று சொல்ல வேண்டும். மகள் போகப்போவதில்லை என்பது அந்தத் திருமணத்தில் முடிவாயிற்று. இனி மனைவி மட்டும் போவாள்.

கடைசியில் அவருக்கும் வீடு வந்தது. அஸ்திவாரம் எழும்பினால் ஒரு பகுதி, சுவர் எழும்பினால் அடுத்த பகுதி என்று உதவி கொடுக்கும் முறை. நிலைக்கதவு மட்டத்துக்குச் சுவர் வந்த நேரத்தில் அந்த நாட்டுப் பணம் சரிந்தது. பெட்ரோலுக்கு மக்கள் வரிசையில் நின்றார்கள், சிமெண்ட் கண்ணில் படவில்லை, வீடு கட்டுவோரே இல்லாததால் பெயிண்ட் அடிக்கவும் வேலையில்லை. சுவர்கள் வானத்தைப் பார்த்து நின்றன. அந்த ஆண்டில்தான் இங்கே இவளுடைய கால்கள் வீங்கத் தொடங்கின. சர்க்கரை நோயைப் பல காலம் பொருட்படுத்தாமல் விட்டிருந்தாள். சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன என்று மருத்துவர் சொன்னபோது நான் பக்கத்தில் இருந்தேன். அவள் கேட்ட முதல் கேள்வி, கப்பலில் போகலாமா, விமானத்தில்தான் போக வேண்டுமா என்பது. மருத்துவர் என் முகத்தைப் பார்த்தார்.

அன்றிலிருந்து வாரத்துக்கு இருமுறை ஸ்ரீவில்லிபுத்தூர் அரசு மருத்துவமனையில் அவளுக்கு ரத்தம் சுத்திகரிக்கிறார்கள். பெரும்பாலும் நானும் கூடப் போவேன். என் தங்கை வீடு அங்கே இருப்பதால் எனக்கு அது ஒரு சாக்கு. பஸ்ஸில் மலைப்பக்கத்து ஜன்னலில் அவளை உட்கார வைப்பேன். மேற்கே மேகம் கவிந்திருந்தால், பிளவக்கல் அணைக்குத் தண்ணீர் வருமா என்று கேட்பாள். பாசனத்துக்குத் தண்ணீர் வருகிறதா என்று கேட்கும் பழக்கம் விவசாயி வீட்டில் பிறந்தவர்களை விட்டுப் போவதில்லை. தறிக்கூட வேலையை விட்டுவிட்டாள். மம்சாபுரத்துக்காரி மட்டும் வாரம் தவறாமல் உப்பில்லாமல் எதையாவது சமைத்து, "திங்கவே முடியாதுட்டி, ஒனக்குன்னே வச்சேன்" என்று திட்டிக்கொண்டே கொடுத்துவிட்டுப் போவாள்.

சிமெண்ட் விலை கொஞ்சம் இறங்கியதும் வீடு மறுபடியும் எழும்பியது. இரண்டு அறை, சமைக்க ஒரு குசினி, முன்னால் ஒரு விறாந்தை. கடைசித் தவணை கைக்கு வரும்வரை அவர் ஒரு கை சுண்ணாம்புகூட அடிக்கவில்லை என்று சொல்லி அவள் சிரித்தாள். பல மாதங்களுக்குப் பிறகு கேட்ட சிரிப்பு அது.

வீடு முடிந்துவிட்டது என்ற செய்தி மருத்துவமனை வராந்தாவில் நாங்கள் முறைக்காகக் காத்திருந்த காலையில் வந்தது. அவளுக்குக் கையில் ஊசி குத்தி வீங்கியிருந்ததால் போனை நான்தான் பிடித்திருந்தேன். ஆகவே இருவர் பேச்சும் எனக்குக் கேட்டது.

"பூட்டி வச்சிருக்கிறன்" என்றார் அவர். "நான் இன்னும் பழைய வீட்டிலதான் படுக்கிறன். நீ வந்துதான் திறக்கோணும்."

அவர்கள் கிராமத்திலிருந்து இந்தச் சிகிச்சை கிடைக்கும் நகரம் மிகத் தொலைவு. அங்கும் இடம் கிடைக்கக் காத்திருக்க வேண்டும். ஒரு வாரம் தவறினால் என்னவாகும் என்பது இருவருக்கும் தெரியும். அதைச் சொல்ல அவருக்கு மனமில்லை, அவளுக்கும் மனமில்லை. நான் எல்லாத்தையும் விட்டுப்போட்டு அங்க வரட்டோ என்று அவர் கேட்டார்.

"ஒரு மாச விசாவில வந்து என்ன செய்யப் போறியள்? நீங்கள் வெளிக்கிட்டால் காணி திரும்பக் காடாப் போயிரும்" என்றாள். பிறகு, "போன மாசம் சொன்னியளே, இங்கத்தை முகாமில இருந்து ரெண்டு பிள்ளையளோட திரும்பி வந்த பிள்ளை. அவள் இன்னும் பள்ளிக்கூடத்திலயோ தங்கியிருக்கிறாள்?"

"ஓம். கொட்டில் போடத் தடி கேட்டவள்."

"அவளை உள்ள விடுங்கோ."

போன் அறுந்துவிட்டதோ என்று நான் திரையைப் பார்த்தேன்.

"அது உனக்கெண்டு கட்டினது" என்றார்.

"எனக்கெண்டு கட்டினதுதானே. நான்தானே சொல்லுறன்."

ஓர் அறையையாவது அவளுக்கென்று பூட்டி வைக்கிறேன் என்றார் அவர். அவள் வேண்டாம் என்றாள். வளரும் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் ஓர் அறையைப் பூட்டி வைத்தால் அவர்கள் அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டே வளருவார்கள் என்றாள். செவிலி அவளைக் கூப்பிட்டதும் போனை வைத்தோம். உள்ளே போய்ப் படுத்தவள் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள்.

அவர் கதவைத் திறந்துவிட்டார் என்பது ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அதே வராந்தாவில், அறியாத எண்ணிலிருந்து போன் வந்தது. பேசியது ஓர் இளம்பெண். என்ன சொல்வதென்று தெரியாமல் அக்கா, அக்கா என்று திணறினாள். நன்றி சொல்லத்தான் எடுத்திருக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. இவள் அதற்கு இடம் கொடுக்கவில்லை. கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகிறதா, கறுத்துப் போகிறதா என்று கேட்டாள். நன்றாக வேகிறது என்றாள் அந்தப் பெண். குசினிக்குப் பின்பக்கத்திலிருந்து காற்று வருகிறதா, அடுப்புப் புகை வீட்டுக்குள் நிற்கிறதா என்று கேட்டாள். பின்கதவைத் திறந்துவைத்தால் போய்விடுகிறது என்று பதில் வந்தது. தூரத்தில் ஒரு பிள்ளை ஏதோ கேட்டு அழுவதும், ஆண்குரல் ஒன்று அதைச் சமாதானப்படுத்துவதும் கேட்டன. அது அவருடைய குரல். இவள் அதைக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"படலையைச் சாத்தி வையுங்கோ, பிள்ளை. ஆடு வந்து வாழையைக் கடிக்கும்" என்று சொல்லிவிட்டு, போனை என்னிடம் நீட்டினாள். உள்ளே அவளுடைய பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.